மூன்று இலக்கம் மூன்று இலக்கமாகவே இருக்கட்டும்

கனடிய வானொலி, தொலைக்காட்சி மற்றும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஹீட்டர் நின்றுவிட்டது. எனக்கு இரவு வேலை. வீட்டில் அம்மா தனியே. அவருக்கு 81 வயது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 பாகைக்குக் குறையாமல் சூடு இருக்கவேண்டும் என்பது ரொறொன்ரோ நகரச் சட்டம். குறைந்தால் நகரசபையின் உதவி எண்ணான 311 இல் முறையிடலாம் என்று பிரிட்ஜ் கதவில் நானே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். அம்மா அதைப் பார்த்து 311 அழுத்தினார். ஏரியா கோட்டையும், அதாவது எண்ணின் முன்னால் வரும் மூன்று இலக்கத்தையும், சேர்த்து அழுத்தும்படி ஆங்கிலத்தில் ஒரு பதிவுக்குரல் சொன்னது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. திரும்ப 311 அழுத்தினார். திரும்பவும் அதே குரல்.

காலையில் நான் கதவைத் திறந்தபோது குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி இருந்தார். "பிள்ளை, நான்தான் பிழையாக அழுத்திப்போட்டன் போல" என்றார்.

அவர் பிழையாக அழுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்களுடையது இணையத் தொலைபேசி, 647 இல் தொடங்கும் எண். நிறுவனத்தைக் கேட்டேன். தங்கள் இணைப்பில் 311 போகாது, 416-392-2489 என்று பத்து இலக்கமும் அழுத்தவேண்டும் என்றார்கள். சரி, அதையும் எழுதி ஒட்டினேன். ஒருநாள் பக்கத்தில் இருந்து அம்மாவை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வாதத்தில் விரல்கள் வளைந்துவிட்டன, ஒரு கண்ணில் புரை. தாளைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், ஒரு இலக்கம் அழுத்துவார். 4. 1. 6. கண்ணாடியைச் சரிசெய்தார். 3. 9. மறுபடி தாளில் விரலை வைத்து விட்ட இடத்தைத் தேடினார். ஏழாவது இலக்கத்துக்கு வருமுன் நேரம் முடிந்து அதே பதிவுக்குரல் வந்துவிட்டது. மூன்று தரம் முயன்றார். நாலாம் தரம் போனை என்னிடம் நீட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஒரு பொத்தானில் பதிந்து வைக்கலாமே என்றார் நிறுவனத்துப் பையன். பதிந்தேன். ஆனால் என்னைப்போல் பதிந்து கொடுக்க ஒரு மகள் பக்கத்தில் இல்லாத முதியவர்கள் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் பதிந்து கொடுப்பது?

அம்மாவிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. தொண்ணூறுகளில் நாங்கள் வந்த புதிதில் உறவினர்களின் எண்களை ஏழு இலக்கத்தில் எழுதியது. 2001 இல் 416 என்ற ஏரியா கோட்டின் மேலேயே 647 என்று இன்னொன்று வந்து, பக்கத்து வீட்டுக்கும் பத்து இலக்கம் அழுத்தவேண்டும் என்றானபோது, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் சிவப்புப் பேனையால் 416 எழுதினார். 2013 இல் 437 வந்தது, 2025 இல் 942 வந்தது. எண்கள் முடிந்துபோகின்றன, ஆட்கள் கூடிவிட்டார்கள், வேறு வழியில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. சாதாரண அழைப்புக்கு நீளமான எண்ணை ஏற்றுக்கொண்டோம். அவசரத்துக்கும் உதவிக்கும் உள்ள எண்ணாவது குறுகியதாக இருக்கவேண்டாமா?

அதன் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 ஐக் கொண்டுவந்தபோது நீங்களே காட்டினீர்கள். 988 இல் தொடங்கும் ஏழு இலக்க எண்கள் நியூஃபவுண்ட்லாந்திலும் வட ஒன்ராறியோவிலும் யெலோநைஃபிலும் இருந்தன. 988 அழுத்துபவர் அந்த மூன்றோடு நிற்கிறாரா, இன்னும் நாலு அழுத்தப்போகிறாரா என்று இணைப்பகத்துக்குத் தெரியாது. அதனால் அங்கெல்லாம் பத்து இலக்கத்துக்கு மாற்றினீர்கள். தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர் மூன்றே மூன்று இலக்கம் அழுத்தினால் போதும் என்பதற்காக அத்தனை ஊர்ச் சனமும் தங்கள் பழக்கத்தை விட்டுக்கொடுத்தது. 2023 கார்த்திகையில் 988 இயங்கத் தொடங்கியது. அதற்கு என் மனமார்ந்த நன்றி.

இணையத் தொலைபேசியில் அவசர உதவி எண்ணான 911 கிடைக்கவேண்டும் என்று 2005 இலேயே உத்தரவிட்டவர்களும் நீங்கள்தான். 311 ஊருக்கு ஊர் வேறு இடத்துக்குப் போகவேண்டிய எண், வாடிக்கையாளர் எந்த ஊர் என்று பார்த்துத்தான் திருப்பவேண்டும், அதில் வேலை இருக்கிறது என்பது விளங்குகிறது. ஆனால் 911 க்காக என் வீட்டு முகவரியை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, நான் ரொறொன்ரோவில் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்? மாதாமாதம் பில் அதே முகவரிக்குத்தானே வருகிறது?

எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்த தொலைபேசிப் புத்தகம் போய்விட்டது. தெருமுனைப் போன் போய்விட்டது. எதைக் கேட்டாலும் இணையத்தில் பாருங்கள், செயலியைத் தரவிறக்குங்கள் என்கிறார்கள். போனில் ஒரு மனிதக் குரலைக் கேட்க ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அரைமணி நேரம் போகிறது. வயதானவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் கடைசியாக மிஞ்சியிருப்பது இந்த மூன்று இலக்கங்கள்தான். மன்னிக்கவேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். 416, 647, 437, 942, எந்த எண்ணாக இருந்தாலும், செம்புக் கம்பியோ இணையமோ கைபேசியோ, மூன்று இலக்க எண் மூன்று இலக்கத்திலேயே போகவேண்டும். 311 மட்டுமல்ல, சமூக உதவிகளைக் கேட்கும் 211, நடுச்சாமத்தில் தாதியிடம் ஆலோசனை கேட்கும் 811 எல்லாமே. 811 க்கு முன்னர் ஒன்ராறியோவில் 1-866 இல் தொடங்கும் பதினொரு இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தோம். 2022 இல் கிடைத்த குறுகிய எண் சில இணைப்புகளில் மட்டும்தான் போகும் என்றால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

911 க்கும் 988 க்கும் உத்தரவிட்டதுபோல் இவற்றுக்கும் ஒரு உத்தரவும் திகதியும் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த குளிர் தொடங்குமுன் வந்தால் பெரிய உதவியாக இருக்கும். பிரிட்ஜ் கதவில் ஒட்டிய 311 ஐ அம்மா இன்னும் கிழிக்கவிடவில்லை.

நன்றியுடன்,
ஸ்காபரோவில் இருந்து ஒரு மகள்