கேப்டன் டொனால்ட் குக் அவர்களுக்கு

அன்புள்ள கேப்டன் குக்,

உங்கள் பெயர் எனக்கு முதலில் ஒரு கப்பலின் பெயராகத்தான் தெரியவந்தது. 2014 ஏப்ரலில் கருங்கடலில் 'டொனால்ட் குக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஒட்டி ரஷ்யப் போர் விமானம் ஒன்று திரும்பத் திரும்பத் தாழப் பறந்ததாகச் செய்தி வந்தது. யார் இந்த டொனால்ட் குக் என்று தேடியபோது கிடைத்தவர் நீங்கள்: வியட்நாம் போரில் கைதியான அமெரிக்க மரைன் (கடல்வழித் தாக்குதல் படை) அதிகாரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாடு வியட்நாமில் நடத்திய போரை என்னால் ஏற்க முடியாது. அந்த மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் சிறையில் வாழ்ந்த விதம் என்னை விடவில்லை.

1964 டிசம்பர் 31. தென் வியட்நாமில் பின் ஜியா கிராமத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரைத் தேடிப் போன தென் வியட்நாம் மரைன் பட்டாலியனோடு ஆலோசகராக நீங்களும் போனீர்கள். தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் படை சுற்றி வளைத்துவிட்டது. காயத்தோடு பிடிபட்டீர்கள். அப்புறம் காட்டுக்குள் கைதிகள் முகாம், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

கைதிகளில் பதவியில் மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது உங்கள் ராணுவத்தின் நடத்தை விதி. பொறுப்பேற்பவர்மேல்தான் சிறைக்காரர்களின் கோபம் முதலில் விழும். உண்மையில் நீங்கள் அங்கே மூத்தவர் இல்லை. இருந்தும், நான்தான் மூத்தவன் என்று முன்னால் வந்து நின்றீர்கள். பதவிக்காகப் பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். மற்றவர்களுக்கு வர வேண்டிய கொடுமையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பொய் சொன்னவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து விஷயமும் அப்படித்தான். உங்கள் உடம்பே நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. உங்கள் பங்கு மருந்தை உங்களைவிட மோசமாகக் கிடந்தவர்களுக்குக் கொடுத்தீர்கள். தொற்றிக்கொள்ளும் என்று தெரிந்தும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டீர்கள். சிறைக்காரர்கள் கேட்டதற்கு இணங்கியிருந்தால் விடுதலைக்கு வழி இருந்திருக்கலாம். மறுத்தால் உயிரோடு திரும்புவது கடினம் என்று தெரிந்தேதான் மறுத்தீர்கள். ஊரில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை.

1967 டிசம்பர் 8 அன்று மலேரியா உங்களைக் கொண்டுபோனது. வயது 33. உடல் வீடு வந்து சேரவில்லை; ஆர்லிங்டன் கல்லறையில் நினைவுக்கல் மட்டும் இருக்கிறது. 1980-இல்தான் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை உங்கள் மனைவியிடம் கொடுத்தார்கள். சிறையில் நடந்துகொண்ட விதத்துக்காக அந்தப் பதக்கம் பெற்ற முதல் மரைன் நீங்கள். ரப்பர் தோட்டத்துச் சண்டையைவிடப் பெரிய சண்டை முகாமில் நடந்ததை அரசு உணர்ந்து ஏற்க இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க ஆசை. நான்தான் மூத்தவன் என்று நீங்கள் சொன்னபோது, உண்மையிலேயே மூத்தவராக இருந்தவர் மறுத்துப் பேசவில்லையா? அவரை என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகன்