சமத்தாக இருக்கிற குழந்தை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் இரண்டு விஷயம் சொன்னாய். "மூணாம் பெட்ல இருக்கிற நாலு மாசக் குழந்தை ராத்திரி பூரா சமத்தா இருந்துச்சும்மா, ஒரு தொந்தரவும் இல்ல" என்றாய். வேறு ஏதேதோ பேசிவிட்டு, காலையில் டாக்டர் வந்து அதே குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்தார் என்றாய். உனக்கு அவை இரண்டு செய்தி. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியவர்கள் வார்டில் நர்ஸாக இருந்த உன்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது. குற்றம் சொல்ல எழுதவில்லை, கண்ணா. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். நைட் டியூட்டி. ஒரு பக்கம் ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊரையே கூட்டி அழுகிற பையன். அடுத்த படுக்கையில் வயிற்றுப்போக்கோடு வந்த மூன்று வயதுப் பெண் குழந்தை, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பையனோடு மல்லுக்கட்டிவிட்டு அவளிடம் போனேன். பி.பி. பார்த்தேன், வயதுக்குச் சரியாக இருந்தது. நாடித் துடிப்பு 170. பயந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். தூங்குகிற குழந்தைக்கு என்ன பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "இவ இப்படிக் கெடக்க மாட்டா சிஸ்டர்" என்று அவள் அம்மா இரண்டு தடவை சொன்னாள். "அசதியா இருக்கும், தூங்கட்டும்மா" என்றேன். சார்ட்டில் "அமைதியாகத் தூங்குகிறாள்" என்று எழுதினேன்.

விடியற்காலையில் ரவுண்ட்ஸ் வந்த மூத்த சிஸ்டர் சார்ட்டைக் கையில் எடுக்கவில்லை. போர்வையை விலக்கிக் காலைத் தொட்டார். முழங்கால் வரை சில்லென்று இருந்தது. நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த இடத்தில் நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்பியிருக்க வேண்டும். நான் ஐந்து வரை எண்ணினேன். அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். குழந்தை பிழைத்துக்கொண்டாள். அந்த முழங்கால் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது.

பெரியவர்களுக்குப் பி.பி. இறங்குவதைப் பார்த்து நீ பழகியிருக்கிறாய். குழந்தையின் உடம்பு அப்படி இல்லை. நீர்ச்சத்து குறையக் குறைய இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, கை கால்களின் ரத்தக்குழாய்களை இறுக்கி, பி.பி.யைக் கடைசி வரை தாங்கிப் பிடிக்கும். அது இறங்குகிறபோது நமக்கு மிச்சம் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டு. பி.பி.யின் மேல் அளவு அதற்குக் கீழே போனால் ஆபத்து. மூன்று வயதுக்கு 76. அந்த எண்ணை மனதில் வை, ஆனால் அது வரும்வரை காத்திருக்காதே. துடிப்பு, கால் சூடு, தோலின் நிறம், நனைந்த டயப்பர் இவையெல்லாம் அதற்கு முன்பே சொல்லிவிடும். டயப்பரை எடை போடு. உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. கைக்குழந்தை என்றால் உச்சிக்குழியையும் பார். தலையை நிமிர்த்திப் பிடித்திருக்கையில், அழாத நேரத்தில் பார். குழி விழுந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது. புடைத்துத் திண்ணென்று இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு.

இப்போது உன் மூன்றாம் பெட்டுக்கு வருகிறேன். தொடுவதற்கு முன்னால், வாசலில் நின்று பார். ஆளைப் பார்க்கிறதா, கை காலை ஆட்டுகிறதா, அம்மா தூக்கினால் அடங்குகிறதா? மூச்சுக்குச் சிரமப்படுகிறதா? தோல் வெளுத்தோ, நீலம் பாரித்தோ, திட்டுத்திட்டாகவோ இருக்கிறதா? அரை நிமிடம் போதும். நீ தொட்டால் அழும். அழுதால் மூச்சும் துடிப்பும் ஏறிவிடும், அப்புறம் எடுக்கிற எந்த எண்ணும் உதவாது. அதனால் தூங்கும்போதே மூச்சை எண்ணிவிடு, ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டு நெஞ்சைக் கேட்டுவிடு. காதும் தொண்டையும் கடைசியில். முடிந்தவரை அம்மா மடியிலேயே பார்.

மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கத்தைப் பெரியவர்கள் வார்டிலேயே விட்டுவிட்டு வா. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது, சில விநாடி நின்று திரும்ப ஓடும். இருபது விநாடி நின்றால் அது வேறு கதை, உடனே ஆள் வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலே வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்து எண்ணு. விலா எலும்புக்கு நடுவே உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது முனகுகிறதா? முனகலை அழுகை என்று நினைத்துவிடாதே. நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தை படுகிற பாடு அது.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ நாலு மில்லிமீட்டர் அகலம்தான். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் முக்கால் பங்கு வழி அடைந்துபோகும். உனக்கும் எனக்கும் வெறும் சளியாகப் போவது அதற்கு மலையேறுகிற வேலை. இரவெல்லாம் ஏறிவிட்டுக் களைத்துப்போனால் 70 ஆக இருந்த மூச்சு 40 ஆகும், அழுகை நிற்கும், பாலைக் குடிக்காமல் தூங்கிவிழும். சார்ட்டைப் பார்த்தால் தேறிவருவது போலத்தான் தெரியும். எண் இறங்கியதோடு குழந்தை முழித்து விளையாடினால் நிம்மதிப்படு. எண் இறங்கியதோடு குழந்தையும் துவண்டால், டாக்டரை எழுப்பத் தயங்காதே. திட்டினால் வாங்கிக்கொள்.

அப்புறம் எடை. தினமும் ஒரே தராசில், கைக்குழந்தையை உடுப்பில்லாமல். மருந்து முழுக்கக் கிலோ கணக்கில்தான் போகிறது. 7.5 என்பதில் ஒரு புள்ளி விட்டால் பத்து மடங்கு. நீ போட்ட கணக்கை இன்னொரு நர்ஸிடம் காட்டி "சரியா" என்று கேட்காதே. விடையைச் சொல்லாமல் அவரையே தனியாகப் போடச் சொல்.

வலி பற்றி நீ கேட்டாய். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்துத் தலா இரண்டு வரை மதிப்பெண் போடலாம். மூன்று வயதுக்கு மேல் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். எட்டு வயதுக்கு மேல் எண்ணாகவே சொல்லிவிடுவார்கள். ஊசி போடும்போது "வலிக்காது" என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதே. ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்து வருகிற நர்ஸையும் நம்பாது. "சுருக்குனு வலிக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், எந்தக் கையில போடட்டும்?" என்று கேள். அஞ்சு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: "தம்பிய அடிச்சதுக்குத்தான் எனக்குக் காய்ச்சலா?" அந்த வயதில் நிறைய பேர் நோயைத் தண்டனை என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை என்று நாமாகவே முந்திச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சமத்தும் உண்டு. அம்மா பக்கத்தில் இல்லாத குழந்தை முதலில் கத்தும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், கடைசியில் யார் தூக்கினாலும் போகும். "பழகிடுச்சு" என்று அந்தக் காலத்து வார்டுகளில் சந்தோஷப்பட்டார்கள். அது பழக்கமில்லை, உறவிலிருந்து விலகிக்கொள்வது என்று 1950களில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் எடுத்துச் சொன்னார்கள். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959-இல் இங்கிலாந்தில் வந்த பிளாட் குழு அறிக்கைதான் பெற்றோரை எந்நேரமும் உள்ளே விடச் சொன்னது. அம்மாக்கள் இடத்தை அடைக்கிறார்கள் என்று உன் வார்டில் யாராவது அலுத்துக்கொண்டால், நீ கூடச் சேர்ந்து தலையாட்டாதே.

வளர்ந்த பிள்ளைகளிடம் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். சர்க்கரை நோயுள்ள பதினைந்து வயதுப் பெண், ஆறு மாதத்தில் மூன்று தடவை சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி வந்து சேர்ந்தாள். கேள்வியெல்லாம் அவளிடம், பதிலெல்லாம் அவள் அப்பாவிடமிருந்து. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபிரெண்ட்ஸ் முன்னாடி ஊசி போட வெட்கமா இருக்கு சிஸ்டர், மத்தியானம் போடுறதே இல்ல" என்றாள். அந்த வயதுப் பிள்ளைகளிடம் தனியாகப் பேச எப்படியாவது பத்து நிமிடம் பிடித்துக்கொள். பெண் பிள்ளை என்றால் கூட ஒரு சிஸ்டரை வைத்துக்கொள். "நீ சொல்றது நமக்குள்ள இருக்கும், ஆனா உன் உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்" என்பதை முதலிலேயே சொல்லிவிடு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இல்லாமல்தான் பல பிள்ளைகள் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து, தூங்கி எழுந்து கூப்பிடு. மூன்றாம் பெட் குழந்தை எவ்வளவு பால் குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது, ஒரு நிமிடம் முழுசாக எண்ணினாயா என்று கேட்பேன். இப்போது நன்றாக அழுகிறதா என்றும் சொல்.

அன்புடன்,
அம்மா