டொர்னேடோவைச் 'சூறாவளி' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சொந்த ஊர் நாகப்பட்டினம். பத்தொன்பது ஆண்டுகளாக ஒக்லஹோமா மாநிலம் நார்மனில் வசிக்கிறேன். அமெரிக்கச் சமவெளியின் வசந்தகால வானிலை பற்றி அண்மையில் நீங்கள் வெளியிட்ட செய்தியில் டொர்னேடோவை, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை சுழன்று இறங்கும் காற்றுத் தூணை, 'சூறாவளி' என்று எழுதியிருந்தீர்கள். சூறாவளி என்றால் நம் ஊரில் கடற்புயல் என்றுதான் நினைப்பார்கள். 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரு வேறு வானிலை அறிவிப்புகளையுமே 'எச்சரிக்கை' ஆக்கிவிட்டீர்கள். இதைச் சொற்பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஊர் வெயிலுக்குத் தப்பிப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்க்க இங்கே வருவது ஏப்ரல், மே மாதங்களில். டொர்னேடோ மிகுதியாக வருவதும் அப்போதுதான்.

என் அப்பா துறைமுகத்துப் புயல் கூண்டைப் பார்த்து வளர்ந்தவர். 1 முதல் 11 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்பது மனப்பாடம். அவர் இங்கே வந்திருந்த ஒரு மே மாத மதியம், அன்றைய புயல் அபாயக் கணிப்பில் எங்கள் பகுதி இரண்டாம் நிலையில் இருப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "ரெண்டுதானேம்மா, ஏறட்டும் பாப்போம்" என்றார். இங்கே மொத்தமே ஐந்து நிலைகள் என்பதை நான் சொல்லி வைத்திருக்கவில்லை. மாலை ஐந்தரைக்கு அபாயச் சங்கு ஊதியபோது நான் வேலையில் இருந்தேன். அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, அம்மாவையும் அவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய், தன் கார் ஷெட் தரைக்கடியில் பதித்திருக்கும் இரும்பு அறையில் இறக்கினார். எங்கள் தெருவில் ஆலங்கட்டி மழையோடு போயிற்று.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வங்கக்கடல் புயல் நாள்கணக்கில் நகர்ந்து வரும். கூண்டின் எண் ஏற ஏற நாமும் தயாராவோம். இங்கே வரும் டொர்னேடோ கடலில் பிறப்பதில்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையோடு வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து முட்டுகிறது. உயரே ராக்கி மலையைத் தாண்டிப் பலத்த காற்று ஓடுகிறது. இடையில் ஒரு வெப்பக் காற்றடுக்கு மூடி போட்டதுபோல எல்லாவற்றையும் அமுக்கி வைத்திருக்கும். மூடி திறக்காவிட்டால் அன்று ஒரு துளி மழைகூட இருக்காது. திறந்துவிட்டால் பிற்பகலில் வெறுமையாக இருந்த வானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கருமேகம் பொங்கி நிற்கும். அதனால்தான் பருவக் கணிப்பை வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது என்கிறேன். லா நினா, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் நிலை, இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்ற அளவில்தான் அது பேசும். எந்த ஊர், எந்தத் தெரு என்பது அந்த மாலைதான் தெரியும்.

'வாட்ச்' என்றால் சூழல் கூடியிருக்கிறது, அடுத்த சில மணி நேரம் விழித்திருங்கள் என்று பொருள். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, இதே நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம் அதை வெளியிடும். 'வார்னிங்' என்றால் கண்ணால் கண்டுவிட்டார்கள், அல்லது ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது. உடனே பதுங்க வேண்டும். 2013 மே 20 அன்று எங்களுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மூர் நகருக்கு வார்னிங் வந்தது பிற்பகல் 2.40க்கு. 2.56க்கு டொர்னேடோ தரையைத் தொட்டுவிட்டது. 24 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஏழு பேர் ஒரே பள்ளியின் குழந்தைகள். பதினொரு நாள் கழித்து இதே மாநிலத்தின் எல் ரெனோ நகர் அருகே நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக இன்னொன்று வந்தபோது, முந்தைய பயத்தில் காரில் தப்பியோடியவர்கள் நெடுஞ்சாலையில் நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள்.

எனவே டொர்னேடோ என்றே எழுதுங்கள், அந்தச் சொல் நம் மக்களுக்குப் பழகட்டும். வாட்சுக்கு 'விழிப்பு அறிவிப்பு' என்று ஒரு பெயர் வையுங்கள். 'எச்சரிக்கை' என்ற சொல்லை வார்னிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போக வேண்டும், செருப்போ ஷூவோ மாட்டிக்கொள்ள வேண்டும், தலையைக் காக்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். சனிக்கிழமை நண்பகல் சங்கு சோதனைக்காக ஊதுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டு, மற்ற நாளில் ஊதினாலும் சோதனைதான் என்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் மீண்டும் மே மாதம் வருகிறார்கள். நான் தொலைபேசியில் எத்தனை சொன்னாலும் "பேப்பர்ல அப்படிப் போடலியே" என்கிறார் அப்பா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நார்மன், ஒக்லஹோமா