டெக்சாஸில் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டுப் போகும் தமிழ் நண்பர்களுக்கு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

சனி ஞாயிறு வீட்டு வேலையைப் போட்டுவிட்டு இந்த ஊர் வெயிலில் தெருத் தெருவாக நடக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. நானும் உங்கள் கட்சிக்குத்தான் போடுகிறவன். ஆனால் ஞாயிறு காலையில் நான் உட்காருவது டாலஸ் பக்கம் ஒரு பாப்டிஸ்ட் சபையில். சுற்றி இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரம்புக்குப் போட்டவர்கள். அங்கே உட்கார்ந்து பார்ப்பதை வைத்து எழுதுகிறேன்.

உங்கள் வாட்ஸப் குழுவில் சுற்றுவதைப் பார்க்கிறேன். மூன்று கல்யாணம் செய்தவர், பைபிள் பக்கமே போகாதவர், அவருக்கு எப்படி இந்த ஜெபக்காரர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஒரே கேலி. இதைச் சொல்லி அவர்களை மடக்கிவிடலாம் என்று நினைப்பு. இது அவர்களுக்குத் தெரியாத ரகசியமா என்ன? 2016 ஜனவரியில் லிபர்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழக மேடையில் டிரம்ப் பைபிளின் கொரிந்தியர் நிருபத்தின் பெயரையே தப்பாகச் சொன்னார், எதிரில் இருந்த மாணவர்களே சிரித்தார்கள். அந்த நவம்பரில் வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில், அதாவது பைபிளையும் மறுபிறப்பையும் அழுத்திச் சொல்லும் எங்கள் சபை மாதிரி புராட்டஸ்டன்ட்களில், பத்துக்கு எட்டுப் பேர் அவருக்குத்தான் போட்டார்கள். 2024இலும் கிட்டத்தட்ட அதே கதை.

பக்தியைப் பார்த்துத்தான் ஓட்டு என்றால் உங்கள் கட்சி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தோற்றிருக்கவே கூடாது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த பாப்டிஸ்ட், மறுபடியும் பிறந்தவன் என்று 1976 தேர்தலில் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். நாலே வருஷத்தில் இவாஞ்சலிக்கல்கள் அவரை விட்டுவிட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளரான, விவாகரத்தான ஹாலிவுட் நடிகர் ரீகன் பின்னால் போனார்கள். 1980 ஆகஸ்டில் இதே டாலஸில், இப்போது இடித்துவிட்ட ரீயூனியன் அரீனாவில், போதகர்கள் நிறைந்த கூட்டத்தில் ரீகன் சொன்னார்: உங்களால் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன். வரிவிலக்குள்ள சபைகள் வேட்பாளர் யாரையும் ஆதரிக்கக் கூடாது என்ற 1954ஆம் வருஷத்துச் சட்டத்தை அழகாகச் சுற்றிக்கொண்டு போன வாக்கியம். கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

டிரம்ப் அதையே பச்சையான பேரமாக்கினார். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. மே மாதம் பழமைவாத நீதிபதிகள் 11 பேர் பட்டியலை நீட்டி, இவர்கள் மாதிரி ஆட்களைத்தான் போடுவேன் என்றார். ஜெயித்து மூன்று பேரைப் போட்டார். 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமை தந்த 1973 தீர்ப்பு கவிழ்ந்தது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, ஆனால் சொன்னதைச் செய்தாரே என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும்போது மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, அப்போ இவர்களை விட்டுவிடலாமா? கணக்கைப் பாருங்கள். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகளின்படி வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்கில் உங்கள் கட்சி வேட்பாளர்களில் 2004இல் கெர்ரிக்கு 21 சதவீதம், 2008இல் ஒபாமாவுக்கு 24, 2016இல் ஹிலாரிக்கு 16. கெர்ரியைவிட ஒபாமாவுக்குக் கூடிய மூன்று சதவீதம் எந்த மூலைக்கு என்று நினைக்காதீர்கள், 2008இல் ஒபாமா வட கரோலினாவைப் பிடித்ததே சுமார் 14,000 ஓட்டில்தான். அந்த வருஷம் அவர் பிரபல இவாஞ்சலிக்கல் போதகர் ரிக் வாரனின் சாடில்பேக் சபைக்கே நேரில் போய் மேடையில் உட்கார்ந்தார். கருவுக்கு எப்போது மனித உரிமை வருகிறது என்று கேட்டதற்கு, அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை என்கிற மாதிரி நழுவினார். எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் போனார் அல்லவா? உங்களிடமும் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். நழுவாதீர்கள். உங்கள் கருத்து எதுவோ அதை நேராகச் சொல்லிவிட்டு, வேறு விஷயம் பேசலாமா என்று கேளுங்கள். நிறையப் பேர் சரி என்பார்கள்.

போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஒரு தம்பி வந்தார். எதிர்வீட்டு வாசலில் சிலுவையும் வசனப் பலகையும் இருப்பதைப் பார்த்தார். கதவுப் பிடியில் நோட்டீஸை மாட்டிவிட்டு, மணிகூட அடிக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா, காங்கோவிலிருந்து வந்த ஓர் அகதிக் குடும்பத்துக்குக் கட்டில், மெத்தை, குழந்தையின் கார் சீட் வரைக்கும் சபையில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றைக்கே டிரம்ப் அகதிகள் வருகையை நிறுத்தி உத்தரவு போட்டார். அகதிகளைக் குடியமர்த்தும் வேலையும் செய்கிற வேர்ல்ட் ரிலீஃப், இவாஞ்சலிக்கல்களே நடத்துகிற அமைப்பு, தவித்துப் போனது. புஷ் 2003இல் தொடங்கிய, சபைகள் முன்னின்று ஆதரித்த ஆப்பிரிக்க எய்ட்ஸ் திட்டமும் அதே மாதம் வெளிநாட்டு உதவி முடக்கத்தில் மாட்டிக்கொண்டது. இதைப் பற்றி அந்த அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று, எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கறுப்பினத்தவரின் பாப்டிஸ்ட் சபைகளில் கேட்கும் பிரசங்கத்துக்கும் எங்கள் சபைப் பிரசங்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஓட்டு மட்டும் நேர் எதிர். ஸ்பானிய மொழி பெந்தெகொஸ்தே சபைகளில் டிரம்புக்கு ஆதரவு கூடியிருந்தது. தேவாலயங்களுக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழையத் தயங்கவைத்த பழைய விதியை 2025 ஜனவரியில் எடுத்ததிலிருந்து அங்கே பயமும் இருக்கிறது. அப்புறம் நம்ம ஊர் ஆட்கள். டாலஸைச் சுற்றி எத்தனை மலையாள, தெலுங்கு, தமிழ் சபைகள்! அங்கே உங்களில் யாரையும் நான் பார்த்ததே இல்லை.

ஆராதனை நேரத்தில் வாசலில் நிற்க வேண்டாம், கார் கண்ணாடியில் நோட்டீஸ் செருகவே வேண்டாம், பாஸ்டரிடம் ஆதரவு அறிக்கை கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம், யார் வேண்டுமானாலும் வரலாம். கட்சி டீ-ஷர்ட் இல்லாமல் இரண்டு பேர் வாருங்கள், நான் அறிமுகம் செய்து வைக்கிறேன். ஏதாவது சமைத்துக் கொண்டுவருவதானால் காரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.