பூட்டுவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்: பிரான்ஸின் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆட்சியர்களுக்கு,

யார் வேண்டுமானாலும் சங்கம் அமைக்கலாம் என்கிற 1901 சட்டத்தின்கீழ் பதிவான தமிழ்ச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் நாங்கள். அந்தச் சட்டம் எங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் தருகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறோம். எகிப்தில் தோன்றிய இஸ்லாமிய அரசியல் இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவத்தோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் பள்ளிவாசல்களையும் சங்கங்களையும் மூடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்த மடல்.

2025 மே மாதம் வெளியான அரசு அறிக்கை, ‘பிரான்ஸ் முஸ்லிம்கள்’ அமைப்போடு 139 தொழுகையிடங்கள் இணைந்திருப்பதாகவும் இன்னும் 68 அதற்கு நெருக்கமானவை என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்தால், நாட்டிலுள்ள முஸ்லிம் தொழுகையிடங்களில் சுமார் 7 விழுக்காடு. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் கிளை தாங்கள் என்பதை அந்த அமைப்பு மறுக்கிறது. அங்கே தொழப் போகிறவர்களில் பலருக்கு இந்தச் சர்ச்சையே தெரியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இத்தகைய அமைப்புகளின் வலைப்பின்னல் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டே வளர்கிறது. தொழுகைக்கு, அரசையும் மதத்தையும் பிரித்த 1905 சட்டப்படி ஒரு சங்கம், டியூஷனுக்கும் விளையாட்டுக்கும் 1901 சட்டப்படி இன்னொன்று, கட்டடத்துக்கு ஒரு சொத்துக் கம்பெனி, நன்கொடைக்கு ஒரு நிதியம். மற்ற மதத்தவரும் இப்படி வைத்திருக்கிறார்கள், இதில் தப்பில்லை. நான்கிலும் கையெழுத்துப் போடுவது யார் என்பதுதான் கேள்வி. 2021 ஆகஸ்ட் 24-ஆம் தேதிச் சட்டப்படி, வழிபாட்டுச் சங்கம் ஆண்டுக்கு 15,300 யூரோவுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெற்றால் அரசிடம் அறிவிக்க வேண்டும். பள்ளிவாசல் கணக்கை மட்டும் புரட்டினால், பக்கத்துச் சங்கத்துக்கு வந்த பணம் கண்ணில் படாது. விதிமுறைகளும் நிர்வாகிகள் பட்டியலும் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கின்றன. சொத்துக் கம்பெனியின் பதிவையும் நிலப் பதிவையும் எடுத்து, நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது மட்டும் குற்றமாகாது. அங்கிருந்து விசாரணை தொடங்கலாம், அவ்வளவுதான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு லீல் நகரத்திலுள்ள அவெரோயெஸ் என்ற தனியார் முஸ்லிம் பள்ளியைப் பாருங்கள். அதற்கு அரசுப் பணம் தரும் ஒப்பந்தம் 2023 டிசம்பரில் ரத்து. பாடத்திட்டத்தில் அரசு ஆட்சேபித்த ஒரு மத நூலின் பெயர் இருந்தது. அதை வகுப்பில் நடத்தினார்கள் என்று காட்ட முடியவில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்தது. இடையில் ஒரு கல்வியாண்டு அரசுப் பணமில்லாமல் ஓடியது. அதன் பாரம் பிள்ளைகள் மேல்தான் விழுந்தது. ‘அரசு எங்களை வெறுக்கிறது’ என்று பிரசாரம் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

அமைப்புகளைக் கலைப்பதால் ஆகும் பயனுக்கும் எல்லை உண்டு. இஸ்லாமிய வெறுப்புக்கு எதிரான கூட்டமைப்பைக் கலைத்த ஆணை 2020 டிசம்பர் 2-இல் வந்தது. அதற்குள் அது தானே கலைந்துவிட்டதாக அறிவித்திருந்தது. அதே வேலையைப் பிறகு பெல்ஜியத்திலிருந்து இன்னோர் அமைப்பு எடுத்துக்கொண்டது.

ஆகவே, பிரசங்கத்தைக் காரணம் காட்டி ஒரு பள்ளிவாசலை மூடக் கோப்பு தயாரிக்கும்போது பிரசங்கத்தின் முழுப் பதிவையும் வையுங்கள். அரை நிமிடத் துண்டு போதாது. தேதி, பேசியவர், அவர் அங்கே வகிக்கும் பொறுப்பு, அரபு நன்கு தெரிந்தவரின் மொழிபெயர்ப்பு எல்லாம் கூடவே இருக்கட்டும். 2021 சட்டப்படி மூடல் 2 மாதத்துக்கு மேல் போகாது. அது முடிந்த மறுநாள் அதே நிர்வாகிகள் கதவைத் திறப்பார்கள். அதற்குள் நிர்வாகம் மாற வேண்டுமென்றால், அங்கே தொழுகிற சாதாரண உறுப்பினர்களை நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே அழைத்துப் பேசுங்கள்.