கிளினிக் போனை யார் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் இலவச கிளினிக்குகளுக்குத் தொலைபேசித் தொழில்நுட்பம் எப்படிக் கைகொடுத்தது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படி ஒரு கிளினிக்கில் 2020, 2021 இரண்டு வருடமும் தன்னார்வச் செவிலியராகப் போன் எடுத்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன். கட்டுரை முழுக்க மென்பொருளின் பெருமை, மறுமுனையில் பேசியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னபோது எங்களிடம் வேலை செய்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற டாக்டர்களும் நர்சுகளும்தான். வயதானவர்கள், தொற்று வந்தால் முதலில் ஆபத்து அவர்களுக்குத்தான். வீட்டில் இருந்தபடியே அழைப்புகளை எடுக்கலாம் என்ற வசதி வந்திருக்காவிட்டால் கிளினிக்கைப் பூட்டியிருப்போம்.

ஆனால் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வேலையை, அதாவது டிரையாஜை, மெஷினிடம் முழுசாக விட்டதுதான் தப்பு. நெப்போலியன் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர், அடிபட்டவன் அதிகாரியா சிப்பாயா என்று பார்க்காமல் காயத்தைப் பார்த்து முறை வைத்தார் என்பார்கள். அவருக்குக் காயம் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுக்குக் குரல் மட்டும்தான்.

எங்கள் கிளினிக்கில் போட்ட தானியங்கி போன் முறையில் அழைக்கிறவர் காய்ச்சலுக்கு 1, இருமலுக்கு 2, மூச்சுத் திணறலுக்கு 3 என்று அழுத்த வேண்டும். ஒரு பெரியவர் 2-ஐ அழுத்தியிருக்கிறார், வரிசையில் கடைசிக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து நான் திருப்பி அழைத்தபோது, "ஒண்ணுமில்லம்மா, சும்மா இருமல்தான்" என்றார். அந்த ஒரு வரிக்குள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாமல், நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிஷம் முழுசாக எண்ணம்மா என்றேன், கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டேன். முப்பத்து நாலு என்றாள். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரைதான் சாதாரணம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம்.

அவர் பொய் சொல்லவில்லை. கோவிட்டில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியும் சிலருக்குத் திணறலே தெரியாது, அப்படிப்பட்டவர் எப்படி 3-ஐ அழுத்துவார்? விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தாலும் அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டிவிடுவதுண்டு என்று 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு பச்சை விளக்குக் காட்டும் மெஷினுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

சரி, மெஷினுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? நிறைய இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் அளந்து அளந்து ரீசார்ஜ் செய்கிறவர்கள், காத்திருக்கும்போது பாட்டுக் கேட்டே பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுந்துவிடும். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நம்பரைப் பதிந்துகொண்டு நாங்கள் திருப்பி அழைக்கிற ஏற்பாடு இருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும். அப்புறம், அறிகுறி தொடங்கி ஒரு வாரம் ஆகும் சமயத்தில்தான் பலருக்கு நிலைமை திடீரென்று மோசமாகும், அந்த நாட்களில் இவரை இன்று கூப்பிடு என்று எனக்கு ஞாபகப்படுத்தட்டும். கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகத் திரையில் காட்டட்டும், அசதியில் ஒன்றை விட்டுவிட மாட்டோம். கேட்பதும் காது கொடுப்பதும் மட்டும் ஆளிடமே இருக்கட்டும்.

இலவச கிளினிக்குகளுக்கு மென்பொருள் வாங்கித் தர முன்வருகிறவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அதே நன்கொடையில் போன் எடுக்கிறவருக்கு ஒரு நல்ல ஹெட்செட்டும், இரவு நேரத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு நர்ஸும் சேர்த்துக் கொடுங்கள். எங்களுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்க ஆளே இல்லாமல் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வச் செவிலியர்