சேத்ரி சுற்றிய ஊர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்பந்து வீரர் சுனில் சேத்ரியைப் பற்றி எழுதும்போது கோல் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் எத்தனை ஊர் மாறினார் என்பதையும் எழுதுங்கள். 2002-ல் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் தொடங்கினார். அப்புறம் பஞ்சாபின் ஜேசிடி, மறுபடி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், கோவாவில் டெம்போ. 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரைச் சேர்க்க முன்வந்தது. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் தரவரிசையில் இந்தியா பின்தங்கி இருந்ததால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஆட்டத்தில் குறையே இல்லை, நாட்டின் இடம்தான் தடுத்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனாலும் மறு ஆண்டே அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி, 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் 'பி' அணி. இரண்டிலும் அதிகம் ஆட விடவில்லை.

2013-ல் எங்கள் பெங்களூரு எஃப்சிக்கு வந்தார். முதல் பருவத்திலேயே, அப்போது நாட்டின் முதன்மைப் போட்டியாக இருந்த ஐ-லீக் கோப்பை! பெலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரம் எங்களுடையது. அன்று தெருவே தூங்கவில்லை.

வெளியூர் அணி ஒன்றின் தேர்வுக்குப் போகப் பயந்த என் பேரனிடம் இந்த ஊர்களைத்தான் வரிசையாகச் சொன்னேன். "சரி தாத்தா" என்று பூட்ஸைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான். ஞாயிறு இரவு ரயில்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கௌதமபுரம், அல்சூர், பெங்களூரு.